ரேன்சம்வேர் தடுப்பு மென்பொருள்: நம்பி விடுமுன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

"மாமா, ஒரு ஃபோட்டோகூடத் திறக்க மாட்டேங்குது. எல்லாப் பேருக்குப் பின்னாடியும் நாலு எழுத்து புதுசா ஒட்டிக்கிட்டிருக்கு."

அக்கா மகன் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஃபோல்டர்தோறும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு கிடந்தது. சாவி வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் அதில் பாதி. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் நிரலைத்தான் ரேன்சம்வேர் என்கிறார்கள். வீட்டுக் கணினிகளைக் குறிவைத்தே பரவும் 'ஸ்டாப் டிஜேவு' என்ற ரேன்சம்வேரின் வழக்கமான கடிதம் அது.

என்னை உறுத்தியது வேறொன்று. அவன் கணினியில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தது. நான் போய்ப் பார்த்தபோதும் 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்று பச்சை டிக் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. துருவிக் கேட்டபிறகுதான் கதை வெளியே வந்தது. வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றைக் காசு கட்டாமல் பயன்படுத்த 'கிராக்' எனப்படும் திருட்டு நிரலை இறக்கியிருக்கிறான். கூடவே வந்த குறிப்பு, 'நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்து வைக்கவும்' என்றதாம். அணைத்துவிட்டான். இரண்டே கிளிக்தான். பாஸ்வேர்டு கேட்கவில்லை, 'நிஜமாகவா?' என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து, எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், அது எத்தனை வைரஸைப் பிடிக்கும் என்று நான் பார்ப்பதில்லை. பிடிக்கத் தவறும் அந்த ஒரு நாளில் எத்தனை ஃபைல் போகும், போனது திரும்புமா என்பதைத்தான் பார்க்கிறேன். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் அந்தக் கேள்விக்கானவை. விண்டோஸ் கணினியும் ஒரு மதியப் பொழுதும் இருந்தால் போதும்.

ரேன்சம்வேர் உள்ளே வந்து என்ன செய்கிறது?

இது புதிய தொழில் இல்லை. 1989-லேயே ஜோசப் பாப் என்பவர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறக்குறைய 20,000 ஃப்ளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பினார். கணினியை 90 முறை இயக்கும்வரை அது சும்மா இருக்கும். பிறகு ஃபைல் பெயர்களைக் குழப்பிவிட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லும். அவர் போட்ட பூட்டு எளிமையானது என்பதால் விரைவிலேயே அதை அவிழ்க்கும் நிரல் வந்துவிட்டது. 2013-ல் வந்த கிரிப்டோலாக்கர் அந்தத் தவறைச் செய்யவில்லை. பூட்டும் சாவி ஒன்று, திறக்கும் சாவி வேறொன்று. திறக்கும் சாவி உங்கள் கணினிக்கு வருவதே இல்லை, அவர்கள் சர்வரிலேயே இருந்துவிடும். ஆகவே பூட்டிய பிறகு எந்த ஆன்டிவைரஸை ஓட்டினாலும் வைரஸ் போகுமே தவிர, பூட்டு போகாது. புதிதாக வருபவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

உள்ளே வந்த நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. ஃபைலைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் நிழல் பிரதிகளை முதலில் அழிக்கும். பிறகு ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படித்து, குழப்பி எழுதி, பெயர் மாற்றும். ஸ்டாப் டிஜேவு போன்றவை ஃபைலின் முன்பகுதியை, சுமார் 150 கிலோபைட்டை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததுக்குத் தாவும். வேகம்தான் அவற்றுக்கு முக்கியம். நூற்றுக்கணக்கான படங்களைக் கெடுக்கச் சில நிமிடங்களே போதும்.

தடுப்பு மென்பொருள்கள் இதை நான்கு விதமாக எதிர்கொள்கின்றன. தெரிந்த முகத்தை அடையாளம் கண்டு வாசலிலேயே நிறுத்துவது ஒன்று. முகம் தெரியாவிட்டாலும் நடத்தையைப் பார்த்து, 'இவன் ஏன் இத்தனை ஃபைலை இவ்வளவு அவசரமாகத் திருத்துகிறான்?' என்று சந்தேகப்பட்டு நிறுத்துவது இரண்டாவது. சொன்ன ஃபோல்டர்களில் அனுமதி பெற்ற நிரல்களைத் தவிர வேறு எதையும் எழுத விடாமல் தடுப்பது மூன்றாவது. சந்தேகம் எழுந்த நொடியில் ஃபைலின் நல்ல பிரதியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பி வைப்பது நான்காவது.

விளம்பரத்தில் நான்கையும் சேர்த்து 'ரேன்சம்வேர் பாதுகாப்பு' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நீங்கள் பார்க்கும் மென்பொருளில் இவற்றில் எவை இருக்கின்றன, எவை இலவசப் பதிப்பில் இல்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் மதிப்பீட்டின் முதல் வேலை. மால்வேர்பைட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசப் பதிப்பு நீங்கள் சொல்லும்போது தேடித் துப்புரவு செய்யும், அவ்வளவுதான். எந்நேரமும் காவல் இருப்பது கட்டணப் பதிப்பு மட்டுமே. இது தெரியாமல் இலவசத்தை நிறுவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

சோதனைக்கு முன்: பேக்கப்

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முக்கியமானவற்றை நகலெடுங்கள். எடுத்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது, ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். நகலிலிருந்து நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

அப்படியே ஃபைல் எக்ஸ்ப்ளோரரில், ஃபைல் எந்த வகை என்று பெயரின் கடைசியில் சொல்லும் நீட்சிகளைக் காட்டும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் இதை மறைத்தே வைத்திருக்கும். மறைந்திருந்தால் 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்ற நிரல் ஃபைல், 'பில் டாட் பிடிஎஃப்' என்று அப்பாவியாகத் தெரியும்.

கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. அதற்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒரு வசதி உண்டு. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டில் சேர்க்கப்பட்டது. மேலே சொன்னதில் மூன்றாவது வகை. இருந்தும் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அணைக்கப்பட்ட நிலையில்தான் வரும்.

'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' போய், கடைசிவரை இறங்கினால் 'மேனேஜ் ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' இருக்கும். அங்கே இயக்கலாம். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தாமாகவே பட்டியலில் இருக்கும். வேறு டிரைவில் குடும்பப் படங்களை வைத்திருந்தால் அந்த ஃபோல்டரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

இயக்கியபின் ஒரு வாரம் வழக்கம்போலக் கணினியைப் பயன்படுத்துங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் முரண்டு பிடிக்கும். என் கணினியில் பழைய படத்திருத்தி ஒன்று இருக்கிறது. படத்தைத் திருத்திச் 'சேமி' அழுத்தியதும், 'ஃபைலைக் காணவில்லை' என்றது. கண்ணெதிரே திறந்திருக்கும் ஃபைலைக் காணவில்லையாம்! டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று அரை மணி நேரம் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் டிஃபெண்டரின் 'பிளாக் ஹிஸ்டரி'யில் அந்த நிரலின் பெயர் கண்ணில் பட்டது. எழுத விடாமல் தடுத்தது டிஃபெண்டர். தடுக்கப்பட்டது தெரியாத அந்தப் பழைய நிரல், தனக்குத் தெரிந்த பிழைச் செய்தியைச் சொல்லியிருக்கிறது. விளையாட்டுகளும் இதே மாதிரி, சேமித்த ஆட்டத்தைக் காணோம் என்று அழும். அப்படி வந்தால் வசதியை அணைக்காதீர்கள். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அதே பக்கத்தில் அனுமதி கொடுங்கள். அனுமதி கொடுப்பதற்கு முன், அது நீங்கள் நிறுவியதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். 'டேம்பர் புரொடெக்‌ஷன்' இயங்குகிறதா பாருங்கள். பிற நிரல்கள் டிஃபெண்டரைத் திருட்டுத்தனமாக அணைப்பதை அது தடுக்கும். (நீங்களே அணைத்தால் அது ஒன்றும் செய்யாது, அக்கா மகன் கவனிக்க.) இரண்டாவது, வேறு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டரின் நேரடிக் காவல் ஒதுங்கிக்கொள்ளும், அதோடு இந்த ஃபோல்டர் பாதுகாப்பும் நின்றுபோகும். ஆக, புதிதாக வாங்குவது டிஃபெண்டருக்கு மேல் ஒரு அடுக்கு அல்ல, அதற்குப் பதில் இன்னொன்று. இருப்பதைவிட எதில் மேல் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவும் பாதுகாப்பு அப்டேட்டுகளும் முடிந்துவிட்டன. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. அடிபட்டவை அதைப் போடாத கணினிகள். ஓட்டை அடைபடாத விண்டோஸில் எந்தத் தடுப்பு மென்பொருளை மதிப்பிட்டும் பெரிய பயன் இல்லை.

ஆய்வகங்களின் மதிப்பெண்

நிஜ ரேன்சம்வேரை வீட்டில் ஓட்டிப் பார்ப்பது நம் வேலை அல்ல. தயவுசெய்து யாரும் முயல வேண்டாம், கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினிலும் வேண்டாம். அதற்கென்றே இருப்பவர்கள் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ், லண்டனின் எஸ்இ லேப்ஸ். மூன்றின் அறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என மூன்றுக்கும் தலா 6 வீதம் 18-க்கு மதிப்பெண் போடும். 'பயன்பாடு' என்றால் திரை அழகு என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல நிரலைத் தவறாகப் பிடிக்கிறதா என்பதற்கான மதிப்பெண் அது. இந்தத் தவறான அலாரத்தை நான் மிக முக்கியமாகப் பார்க்கிறேன். பத்து முறை பொய்யாகக் கத்தும் மென்பொருளைப் பதினோராவது முறை நீங்களே அணைத்துவிடுவீர்கள். ஏவி-கம்பேரடிவ்ஸும் தவறான அலாரங்களைத் தனியாக எண்ணிச் சொல்கிறது.

ஒரு மாத அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்னணிப் பெயர்களுக்கிடையே வித்தியாசம் அரைப் புள்ளி, ஒரு புள்ளிதான் இருக்கும், அதுவும் மாதத்துக்கு மாதம் இடம் மாறும். ஒன்றரை, இரண்டு வருட அறிக்கைகளை வரிசையாகப் பார்த்து, அடிக்கடி சறுக்காதவற்றில் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று ஆய்வகங்களிலும் பெயரே காணப்படாத, ஆனால் 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று சொல்லிக்கொள்ளும் மென்பொருளை நான் என் கணினியில் ஏற்றமாட்டேன்.

வீட்டுச் சோதனை

குறித்துக்கொண்டதில் ஒன்றின் சோதனைப் பதிப்பை நிறுவுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கணினியைப் படுக்க வைத்துவிடும்.

முதல் சோதனை, அணைக்க முடிகிறதா என்பது. நேரடிக் காவலை நிறுத்த எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணுங்கள். பாஸ்வேர்டு வைக்க முடிகிறதா? நிறுத்தினால் தானாகத் திரும்ப இயங்குமா, இல்லை நீங்கள் நினைவு வைத்து இயக்க வேண்டுமா? வீட்டில் நான்கு பேர் பயன்படுத்தும் கணினியில் இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருவேன். பாஸ்வேர்டை வைத்துவிட்டு, அவசரக்காரர் யாரோ அவரிடம் மட்டும் சொல்லாமல் இருங்கள்.

அடுத்து ஐகார் சோதனை ஃபைல். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் எல்லாம் ஒத்துக்கொண்டு 'வைரஸ்' என்று பிடிக்கும், உண்மையில் தீங்கில்லாத 68 எழுத்துக் கோர்வை அது. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கினால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். காவலாளி விழித்திருக்கிறான் என்பதைத்தான் இது காட்டும். அவன் திறமைசாலியா என்பதற்கு இது சாட்சி அல்ல.

மூன்றாவது சோதனைக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். டாக்குமென்ட்ஸுக்குள் 'சோதனை' என்று ஃபோல்டர் திறந்து, படங்களும் ஆவணங்களுமாக முந்நூறு ஃபைல்களின் நகலைப் போடுங்கள். மூல ஃபைல்கள் வேண்டாம், நகல் மட்டும். இப்போது செவன்-ஸிப் நிரலால் அவற்றைப் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்குங்கள், சுருக்கியதும் இந்த நகல்களை அழிக்கச் சொல்லும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். பிறகு மீட்டெடுத்து, முந்நூறுக்கும் ஒரே வீச்சில் பெயர் மாற்றுங்கள். ரேன்சம்வேர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், ஆள் மட்டும் வேறு. செய்வது நீங்கள்தான் என்பதால் மென்பொருள் கத்தாவிட்டால் அது குறையல்ல. கத்தினால் உங்கள் அன்றாட வேலையிலும் குறுக்கே வரும். கத்தும்போது என்ன சொல்கிறது என்று படியுங்கள். 'சந்தேகத்துக்கிடமான செயல் தடுக்கப்பட்டது' என்று மொட்டையாகச் சொல்கிறதா, அல்லது எந்த நிரல், எந்த ஃபோல்டர், எத்தனை ஃபைல் என்று சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்கிறதா? நள்ளிரவில் நிஜமாகவே வந்தால் உங்கள் வீட்டில் யார் அந்தப் பெட்டியைப் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரேன்சிம் மாதிரிப் பாசாங்குக் கருவிகளும் இருக்கின்றன. தானே உருவாக்கிய ஃபைல்களைத் தானே பூட்டிக் காட்டும். ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அதன் முடிவை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தன் சொந்தக் குப்பையைக் கலைக்கும் நிரலைத் தடுக்காமல் விடுவது சில சமயம் சரியான முடிவாகவே இருக்கும். பிரபலமான பாசாங்குக் கருவியை அடையாளம் கண்டு தடுத்து நல்ல பெயர் வாங்குவதும் கடினமில்லை.

நான்காவதாக, மீட்பு. 'பூட்டப்பட்ட ஃபைல்களைத் திருப்பித் தருவோம்' என்று மென்பொருள் சொன்னால், உதவிப் பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். எந்த வகை ஃபைல்கள், எவ்வளவு பெரியது வரை, பிரதி எங்கே வைக்கப்படும். ஆவணத்துக்கும் படத்துக்கும் இருக்கும் மீட்பு, பெரிய வீடியோவுக்கு இல்லாமல் போகலாம். குழந்தையின் முதல் நடை வீடியோவில்தான் இருக்கிறது என்றால் இது சின்ன விஷயமா?

கடைசியாக, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சில மென்பொருள்கள் முடிவெடுக்கத் தங்கள் சர்வரையே நம்பியிருக்கும், துண்டித்ததும் என்ன எச்சரிக்கை காட்டுகின்றன என்று பார்க்கலாம். வெளி டிஸ்க், கிளவுட் ஃபோல்டர் ஆகியவற்றையும் காவல் பட்டியலில் சேர்க்க முடிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு நிறுவல் நீக்கி, மீண்டும் டிஃபெண்டர் தானாக உயிர்பெறுகிறதா என்று கவனியுங்கள். நீக்க முயன்றால் ஐந்து பக்கம் கெஞ்சும் மென்பொருள், சந்தாவைத் தானாகப் புதுப்பிப்பதிலும் அதே பிடிவாதம் காட்டும்.

எதை ஒதுக்கலாம்?

'எந்த ரேன்சம்வேர் பூட்டையும் திறப்போம்' என்பதை யோசிக்காமல் ஒதுக்குங்கள். 2020 ஜூனில் ஸ்டாப் டிஜேவுக்கான இலவசத் திறப்பான் என்ற பெயரில் ஒன்று உலவியது. நம்பி ஓட்டியவர்களின் ஏற்கெனவே பூட்டிய ஃபைல்கள்மீது ஸோராப் என்ற இன்னொரு ரேன்சம்வேர் இரண்டாவது பூட்டைப் போட்டது. வெந்த புண்ணில் வேல்.

கைவிடப்பட்டவற்றையும் ஒதுக்குங்கள். சைபர்ரீசன் நிறுவனத்தின் ரேன்சம்ஃப்ரீ ஒரு காலத்தில் பலர் பரிந்துரைத்த இலவச மென்பொருள். ஃபோல்டர்களில் பொறி ஃபைல்களை வைத்து, யார் தொடுகிறார்கள் என்று பார்க்கும் நல்ல யோசனை. 2018-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய பரிந்துரைக் கட்டுரைகளில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது. நிறுவுமுன் கடைசிப் பதிப்பின் தேதியைப் பாருங்கள்.

எல்லாம் மீறி நடந்துவிட்டால்

பூட்டுவது கண்ணில் பட்டதும் வைஃபையைத் துண்டியுங்கள், வெளி டிஸ்க்குகளைப் பிடுங்குங்கள். மிரட்டல் குறிப்பையும் பூட்டிய ஃபைல் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள், அவற்றை வைத்துத்தான் எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியும். டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் அவற்றை ஏற்றினால், இலவசத் திறப்பான் இருந்தால் அதுவே சொல்லிவிடும். வேறு கணினியிலிருந்து செய்யுங்கள்.

அக்கா மகனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அவனது ஃபைல்களுக்கான சாவி அந்தக் கணினிக்கென்றே தனியாகச் சர்வரில் உருவானது. அந்த வகைக்குத் திறப்பான் இல்லை. விண்டோஸை முழுதும் அழித்து மறுபடி நிறுவினோம். பூட்டிய படங்களை மட்டும் அழிக்கவில்லை. 2016-ல் டெஸ்லாகிரிப்ட் என்ற ரேன்சம்வேரின் கும்பலே தன் தலைமைச் சாவியை வெளியிட்டது. ஏற்கெனவே கடையைக் கட்டியிருந்த ஷேட் கும்பல் 2020 ஏப்ரலில் ஏழரை லட்சம் சாவிகளை வெளியிட்டது. அதனால் அந்தப் படங்களைப் பழைய டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, மிரட்டல் குறிப்பையும் சேர்த்து வைத்து, மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'நோ மோர் ரேன்சம்' தளத்தைத் திறந்து பார்க்கிறான். புதிய கணினியில் ஆன்டிவைரஸுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. அது என் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.